அத்தையின் கடைவாய்ப்பல்

அமிலத்தில் ஊறவைத்துக் கழுவிய சுண்ணாம்புக்கல்லிலிருந்து அரை விரல் நீளத்துக்கு ஒரு கீழ்த்தாடைப் புதைபடிவம் எட்டிப் பார்த்தது. அவள் அதை மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் வைத்தாள். முதல் கடைவாய்ப்பல்லைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டது. அது அவளுடைய பல். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அரிசிமணி அளவில் தனியாகக் கிடைத்த அப்படியொரு பல்லை வைத்துத்தான், வயிற்றுப் பையில் குட்டி சுமந்து, இறைச்சி தின்று, என்றோ அழிந்துபோன ஒரு சின்ன விலங்கை அவள் உலகுக்கு அறிவித்திருந்தாள். மாமியாரின் பெயரையும் அதற்கு வைத்திருந்தாள்.

ஊசியால் மண்ணைத் தள்ளினாள். இரண்டாவது, மூன்றாவது. நான்காவது பல் வெளியே வந்ததும் எழுந்தே நின்றுவிட்டாள். அது பக்கத்து ஆய்வறைத் தாடிக்காரர் கண்டுபிடித்த பெரிய விலங்கின் பல்!

பூனைக்கும் நாய்க்கும் இறைச்சி வெட்டப் பக்கத்துக்கு ஒரு ஜோடிப் பல் போதும். இந்தப் பைவிலங்குகளுக்கோ கடைவாய்ப்பல் ஒவ்வொன்றும் கத்தி, பின்னால் போகப்போகப் பெரிய கத்தி. தனிப் பல் கையில் கிடைத்தால் அது எந்த இடத்துப் பல் என்பதே பாதி ஊகம்தான். முன்னால் இருக்கும் கடைவாய்ப்பல்லை அவள் சின்ன விலங்கு என்றாள், பின்னால் இருப்பதை அவர் பெரிய விலங்கு என்றார். இரண்டும் ஒரே வாய்.

ஒரே விலங்குக்குப் பெயர் இரண்டென்றால் முதலில் அச்சானதுதான் நிற்கும். அவருடையது பதினான்கு மாதம் மூத்தது.

தாடையை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிடலாமா என்று தோன்றியது. தோன்றிய கையோடு சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் ஒற்றைப் பல்லை வைத்துக்கொண்டு மூக்கு, வால், குணம் எல்லாம் அவளாகக் கட்டிவிட்டு, யாராவது வந்து இல்லையென்று சொல்லிவிடுவார்களோ என்று உள்ளூர நடுங்கியிருக்கிறாள். வந்து சொன்னதும் அவளேதான். உடம்பு பஞ்சாக லேசாகிவிட்டது.

சத்தம் கேட்டு ஓடிவந்த தாடிக்காரர் குனிந்து பார்த்தார். "ஐயையோ! உங்க அத்தையை நான் முழுங்கிட்டேனா?"

"முழுசா சார். மிச்சமே இல்ல."

"சிரிக்கிறீங்க? வீட்ல யாரு சொல்றது?"

அங்கேதான் சிரிப்பு நின்றது. அத்தையோடு போட்ட ஒரு பெரிய சண்டைக்கு மறுநாள், கடுப்பில் வைத்த பெயர் அது. பெயரைக் கேட்ட அத்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். அன்றுதான் இருவருக்கும் ஒட்டுறவே வந்தது. பெயர் போனால் அதுவும் போய்விடுமோ?

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததுமே கொட்டிவிட்டாள். தலைகால் புரியாத வேகத்தில் சொல்லக் கூடாததும் சேர்ந்து வந்துவிட்டது. "அத்தை, அப்ப கோவத்துலதான் வச்சேன். நீங்க கடிச்சுக் குதறுறீங்கன்னு."

அத்தை துணி மடிப்பதை நிறுத்தினார். "இத்தனை நாளா நான் பெருமையா ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தேனே, அது வசவா?"

"ஆரம்பத்துல மட்டும் அத்தை. சத்தியமா."

"இப்ப யார் பேரு?"

"தாடிக்காரர் வச்சது அத்தை. அவர் நாயோட பேரு."

அத்தையின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பதறிப்போய்க் கிட்டே போனாள். சிரிப்பு! கட்டிவைத்த பல்செட் நழுவாமல் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, மடித்த துணிமேலேயே சாய்ந்து சிரித்தார்.

"பாவி! நாய்க்கு விட்டுக்கொடுத்தியா என்னை?" மூச்சு வாங்கினார். "பெருச்சாளி சைஸ்னுதானே முன்னாடி சொன்னே?"

"இப்ப நரி சைஸ் அத்தை."

"பரவால்லையே! நாளைக்கு நான் வந்து பாக்கணும்."

மறுநாள் அத்தை மைக்ரோஸ்கோப்பை விட்டுக் கண்ணையே எடுக்கவில்லை. தாடிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு, தேர்வு முடிவுக்கு நிற்பவர் மாதிரி நின்றார்.

"தம்பி, பேரை உங்க நாயே வச்சுக்கட்டும்," என்றார் அத்தை கடைசியில். "வாய் என்னோடது. என் மருமக கிட்ட கேட்டுப் பாருங்க."