ஆகாத நாளில் எழுதிய உயில்

ஐம்பத்தொரு வயதில் பரீட்சைக்குப் படிப்பதென்றால் சும்மாவா? யாய்ஸு துறைமுகத்தில் மீன் பதனிடும் ஆலையை மூடியதும் ஹிகுச்சி தெய்ஜி அந்த வம்பைத்தான் விலைக்கு வாங்கினார். உயில், வாரிசுரிமை, சொத்துப் பதிவு இதெல்லாம் பார்க்கிற சட்ட எழுத்தர் ஆக வேண்டும். நூறு பேர் எழுதினால் ஐந்து பேர் தேறுகிற பரீட்சை. நான்கு முறை கோட்டை விட்டாயிற்று. முப்பத்திரண்டு வயதுச் சட்ட எழுத்தர் கனாய் ரிஸாவின் அலுவலகத்தில் உதவியாளராக வேலை பார்த்துக்கொண்டே ஐந்தாவது முறைக்குப் படித்துக்கொண்டிருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை, கனாய் வெளியே போயிருந்த நேரத்தில், இஸாவா கிஹெய் என்ற பெரியவர் வந்தார். எண்பத்தெட்டு வயது, ஒரு காலத்தில் சூரை மீன் படகின் தலைவர். செவ்வாய்க்கிழமை இதய அறுவைக்காக ஆஸ்பத்திரியில் சேரப் போகிறார். அதற்கு முன் தன் கையால் எழுதிய உயிலைச் சரிபார்த்துக்கொள்ள வந்திருந்தார். வீடு இறந்துபோன மகனின் மனைவி சுமியேவுக்கு, அவ்வளவுதான் விஷயம். மகன் போய்ப் பன்னிரண்டு வருடமாக மாமனாருக்குச் சோறு வடித்துப் போட்டவள் அவள். சட்டத்துக்கு அதெல்லாம் கணக்கில்லை. மருமகள் வாரிசே இல்லை. காகிதம் இல்லாவிட்டால் வீடு நகோயாவில் இருக்கிற மகளுக்குப் போய்விடும்.

ஹிகுச்சி விரல்விட்டு எண்ணினார். சொந்தக் கையெழுத்து, பெயர், முத்திரை, தேதி. தேதி இருக்கிற இடத்தில் 'மே மாதம், சுபதினம்' என்று அழகாக எழுதியிருந்தது. எல்லாம் கச்சிதம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த ஊரில் கல்யாணப் பத்திரிகை, கோயிலுக்குக் கொடுக்கிற மதுப் பீப்பாய் எல்லாவற்றிலும் அப்படித்தான் போடுவார்கள். யார் கண்ணுக்கு உறுத்தும்?

ஞாயிற்றுக்கிழமை மாதிரித் தேர்வு. 'சுபதினம்' என்று மட்டும் தேதியிட்ட கையெழுத்து உயில் செல்லுமா என்று ஒரு கேள்வி. எந்த நாள் என்று தெரியாததால் செல்லாது என்று பட்டென்று குறித்தார். நான்கு வருடம் படித்த பாடமாயிற்றே! அடுத்த கேள்விக்குப் போன பென்சில் அப்படியே நின்றது. அட பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டார். அதற்கு மேல் ஒரு கேள்வியும் மண்டையில் ஏறவில்லை.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாகக் கனாயிடம் சொன்னார். அவள் கத்தவில்லை.

"சரின்னு சொன்னது நீங்கதானே, ஹிகுச்சி-சான்? தப்புன்னும் நீங்களே போய்ச் சொல்லுங்க. இப்பவே போங்க."

வீட்டில் பெரியவர் தனியாக இருந்தார். ஆஸ்பத்திரிக்கு வேண்டிய சாமான் வாங்கப் போன சுமியே மதியம்தான் வருவாள். ஹிகுச்சி தலை தரையில் படக் குனிந்து விஷயத்தைச் சொல்லி, இன்றைக்கே புதிதாக எழுதித் தரச் சொன்னார். பெரியவர் சுவரிலிருந்த நாள்காட்டியைக் காட்டினார். ஆறு நாளில் ஒன்று ஆகாத நாள், அன்றைக்கு அதுதான்.

"விளையாடறியா தம்பி? இந்த நாள்ல நான் நகம்கூட வெட்ட மாட்டேன். நாளைக்கு நல்ல நாள், அதான் ஆஸ்பத்திரிக்கே போறேன். நாளைக்கு எழுதறேன்."

"நாளைக்கு ஏழு மணிக்கே வண்டி வந்துடும், ஐயா. உங்க மருமகளும் கூடவே இருப்பாங்க."

உயில் விஷயம் அவளுக்குத் தெரியவே கூடாது என்பது பெரியவரின் பிடிவாதம். தெரிந்தால் வேண்டாமென்று அழுவாளாம். முதல் உயிலை எந்த நாளில் எழுதினீர்கள் என்று ஹிகுச்சி கேட்டார். பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதுவும் ஆகாத நாள்தான். அவள் பல் டாக்டரிடம் போய் வீட்டில் இல்லாதது அன்றைக்குத்தான். அந்தத் தேதியோடு அது பின்னால் அவள் கைக்குப் போவதை மனசு ஏற்கவில்லை, அதனால்தான் சுபதினம்.

"தப்பு என்னோடது, ஐயா. ஆனா இந்தத் தாள் செல்லாது. உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவங்க பெட்டியைத் தூக்கிட்டு வெளிய போகணும்."

அறுவைக்குப் போகிறவரிடம் அதுவும் இந்த நாளில் இப்படிச் சொன்னோமே என்று ஹிகுச்சிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பெரியவர் எதிரே இருந்த தேநீரைக் குடித்து முடித்தார். அப்புறம் பேனா கேட்டார்.

நான்கு வரி எழுத ஒரு மணி நேரம் ஆயிற்று. எண்பத்தெட்டு வயதுக் கை அல்லவா. தேதிக்கு வந்ததும் பேனா நின்றது. பெரியவர் வருடம், மாதம், நாள் என்று ஒவ்வொன்றாக எழுதி, முத்திரையை அழுத்தினார்.

அறுவை முடிந்து ஒன்பதாம் நாள் அவர் இறந்தார்.

குடும்ப நீதிமன்றத்தில் உயில் இருந்த உறையைப் பிரிக்கிற அன்று ஹிகுச்சி சுமியேவோடு போய் வெளியே காத்திருந்தார். அதற்குள் ஐந்தாவது பரீட்சையும் எழுதி முடித்திருந்தார். வெளியே வந்தவள் உயிலின் நகலை நீட்டினாள். வீட்டைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. விரல் தேதியின் மேல் இருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின நாளா? ஆகாத நாளாச்சே அது. அன்னிக்கு மாமா என்னைத் துணிகூடத் துவைக்க விடலியே."

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.