கறிவாளிக்குப் பக்கத்தில் ஒரு குச்சி மனிதர்

...இல்லை, மறுபடியும் எல்லாம் சேர்ந்தே வருகிறது, இந்தக் குச்சி மனிதரைப் பிடித்துக் கொஞ்சம் இழுத்தால் அவரோடு ஒட்டியிருக்கிற அத்தனை அம்புக்குறிகளும் பின்னாலேயே வருகின்றன, மனிதர் தண்ணீர் டிரம் பக்கம் போய்விட்டார், கறி அண்டா இன்னும் அவரைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறது, படத்தின்படி பார்த்தால் நாளை எங்கள் சர்ச் அசன விருந்தில் ஊர் முழுக்கத் தண்ணீர் டிரம்மில் கறி வாங்க வேண்டும். சனிக்கிழமை காலை, ஆபீஸ் லேப்டாப், சர்வர்களை வரைவதற்கென்று கம்பெனி கொடுத்த மென்பொருள்... இதில் நான் பந்திச் சாப்பாட்டை வரைந்துகொண்டிருக்கிறேன். டேட்டாபேஸுக்கான உருளையைச் சோற்று அண்டாவாக்கினேன், மேகத்தை அடுப்புப் புகைக்கு வைத்தேன், முடிவெடுக்கிற இடத்துக்குப் போடும் சாய்சதுரத்தில் 'கறி இருக்கா?' என்று எழுதினேன், 'இல்லை' என்கிற அம்பு நேரே கத்திரிக்காய்க்குப் போகிறது. எழுதியதும் எனக்கே துக்கமாக இருந்தது.

எல்லாம் அந்தச் சாய்சதுரத்தால் வந்த வினை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து கறிவாளி அப்பா கையில்தான். காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்த தேவமணி ஸாருக்குக் கறியில் மட்டும் வகுத்தல் வராது, ஒரு கரண்டி போட்டுவிட்டு முகத்தைப் பார்ப்பார், அது வாடியிருப்பதாக அவருக்கே தோன்றும், இன்னொரு கரண்டி. போன வருஷம் கடைசிப் பந்திக்கு வெறும் சாறு. அந்தப் பந்தியில்தானா போதகர் உட்கார வேண்டும்? தாழ்மையாகக் கடைசியில் சாப்பிடுகிறேன் என்று உட்கார்ந்தவர் கத்திரிக்காயைப் புரட்டிப் புரட்டிப் பார்த்ததைச் சபையே பார்த்தது. நேற்று அசனக் கமிட்டிச் செயலாளர் கிருபைராஜ் மாமா போனில், "யம்மா ரீபா, ஒங்கப்பாட்ட நேர்ல சொல்ல எங்க யாருக்கும் தைரியம் இல்லம்மா, நீ படத்துல பைய தண்ணிப் பக்கம் நவுத்திரு, செவுத்துல ஒட்டிட்டா தேவமணி ஸார் ஒண்ணுஞ் சொல்ல மாட்டாவ" என்றார். ஒரு கமிட்டியே இருக்கிறது, அப்பாவை நகர்த்த என் மவுஸ் வேண்டியிருக்கிறது. அடுத்த அறையில் அவர் நாளைக்குப் போட வெள்ளைச் சட்டையை இஸ்திரி போடுகிறார், விசிலில் ஞானப்பாட்டு வேறு... பாவி நான். சரி, அம்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றுவோம்... ஐயோ, ஆளையே அழித்துவிட்டேன், அம்புகள் எல்லாம் அந்தரத்தில் நிற்கின்றன, அன்டூ, அன்டூ, அப்பாடா, வந்துவிட்டார்.

"என்னட்டி அது, எறும்பு ஊருத மாதிரி?" அப்பா பின்னால் நிற்கிறார், எப்போது வந்தார்? "அசனத்துக்குப்பா... யாரு எங்கன நிக்கணும்னு." கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார், சோறு, கறி, பந்தி என்று விரலால் தொட்டுக்கொண்டே போனார், விரல் தண்ணீர் டிரம்மில் நின்றது. "இது யாரு?" "இன்னும் பேரு போடலப்பா." என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது. அவர் குனிந்து அந்தக் குச்சி மனிதரை விரலால் தட்டினார். "வெறுங்கையோட நிக்கானேட்டி, பாவம். கையில ஒரு வாளியக் குடு." சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். புரிந்ததா, புரியவில்லையா? இஸ்திரிப் பெட்டியின் சத்தம் கேட்கிறது, விசிலைக் காணோம்.

வாளியைத் தேடினேன், இருந்தது, கோப்புகளைச் சேமிக்கிற இடத்துக்கு இதில் வாளிச் சின்னம்தான், எடுத்துக் குச்சிக் கையில் மாட்டினேன், தண்ணீர் வாளி, பொருத்தமாகத்தான் இருக்கிறது, இனி அனுப்ப வேண்டியதுதான்... அப்போதுதான் வாயில் எச்சில் ஊறுவது தெரிந்தது. என் இலைக்கு வரும்போது மட்டும் அப்பா முகத்தைப் பார்க்க மாட்டார், மகளுக்கு அள்ளிப் போடுகிறார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதாம், ஒரு எலும்பு, கொஞ்சம் சாறு, உடனே அடுத்த இலை. ஊருக்கெல்லாம் இரண்டு கரண்டி, எனக்கு எலும்பு, சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். நாளைதான் முதல்முறையாக என் இலையில் நல்ல கறி விழப்போகிறது... அப்படியென்றால் இவரை இங்கே நகர்த்தியது கிருபைராஜ் மாமாவுக்காகவா, போதகருக்காகவா, இல்லை...? "ஏட்டி, படம் முடிஞ்சிட்டா?" என்று அப்பா உள்ளேயிருந்து கேட்கிறார். மாற்றங்களைச் சேமிக்கவா என்று மென்பொருளும் கேட்கிறது. மவுஸை 'ஆம்' மேலும் 'இல்லை' மேலும் மாற்றி மாற்றிக் கொண்டுபோகிறேன், வாய் நிறைய எச்சிலோடு.