பச்சைப் பெட்டி சொன்ன பொய்

யுகேந்திரனுக்கு வலது தோளிலிருந்து கழுத்து வரைக்கும் கயிறு கட்டி இழுத்தாற்போல வலி. தெப்ராவிலிருந்து பெக்கான் நானாஸ் வரை ஒரு மணி நேரம் கார் ஓட்டி வந்ததில் அது இன்னும் முறுக்கிக்கொண்டது. அவன் அப்பா செம்பனைத் தோட்டத்தில் குலை அறுத்தவர். அவருக்கும் அதே தோளில்தான் வலி. நாற்காலியில் உட்கார்ந்து மௌஸைப் பிடித்தே தனக்கும் அந்த வலி வந்துவிட்டது என்று அவர் இருந்தவரை இவன் வாய் திறந்ததில்லை. சொல்லியிருந்தால் அவர் சும்மா பார்த்திருப்பார். அது போதும்.

அன்னாசித் தொழிற்சாலையின் அலுவலகம் மாடியில் இருந்தது. கீழே பழம் சீவும் வரிசையிலிருந்து புளிப்பு வாடை படியேறி வந்து ஏசி காற்றோடு கலந்திருந்தது. விடுப்புக் கணக்கைப் பார்க்கும் கிராணி லோஷினி, அவன் பையை வைப்பதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"அண்ணே, உங்க ப்ரோக்ராமுக்கு என்ன வந்துச்சுன்னே தெரியல. சேவ் அமுக்கினா ஸ்கிரீன் வெள்ளையா போயிடுது. நான் போயி ஒரு தே ஓ கலக்கிக் குடிச்சிட்டு வந்தாலும் அப்படியே நிக்குது."

"தே ஓ குடிக்க உனக்கு ஒரு சாக்கு கிடைச்சுதுல்ல, அதுக்கு எனக்கு நன்றி சொல்லு."

"நன்றியா? உங்களால நான் மூணு கிலோ ஏறிட்டேன் லா."

இது மூன்று வருடங்களுக்கு முன் அவன் எழுதிக் கொடுத்த நிரல். ஊழியர்கள் கொண்டுவரும் எம்சியை, அதாவது டாக்டர் கொடுக்கும் மருத்துவ விடுப்புச் சீட்டை, லோஷினி ஸ்கேன் செய்வாள். நிரல் அதை ஊழியரின் பெயரிலேயே ஒரு கோப்பாக்கிப் பொதுக் கணினியில் சேமிக்கும். பிறகு "சேமிக்கப்பட்டது" என்று ஒரு பச்சைப் பெட்டி வரும். பச்சையைப் பார்த்ததும் லோஷினி சீட்டைக் கிழித்துப் போட்டுவிடலாம். காகிதமே சேரக்கூடாது என்பது முதலாளியின் கட்டளை.

திரை ஏன் உறைகிறது என்பது யுகேந்திரனுக்குப் பார்க்காமலே தெரியும். கடையில் கல்லாவில் நிற்பவனே மூட்டையும் தூக்கப் போனால், அவன் திரும்பி வரும்வரை கல்லா காலியாகத்தான் கிடக்கும். திரையை வரைவதும் கோப்பைச் சுமந்து கொண்டுபோவதும் த்ரெட் என்கிற ஒரே இழையின் வேலையாக இருந்தது. சுமக்கிற வேலையைப் பின்னால் இன்னொரு இழைக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது. அரை மணி நேர வேலை.

அதற்காகப் பழைய நிரலைத் திறந்தபோதுதான் அந்த இடம் கண்ணில் பட்டது. பிழை வந்தால் என்ன செய்வது என்று எழுத வேண்டிய அடைப்புக்குறிகளுக்குள் ஒன்றுமே இல்லை. மேலே அவன் எழுதிவைத்த குறிப்பு மட்டும் இருந்தது: "தற்காலிகம். பிறகு பார்க்கலாம்."

பார்க்கவே இல்லை. முதன்முதலாக முதலாளிக்கு இயக்கிக் காட்டிய அன்று நெட்வொர்க் கம்பி தளர்ந்து கிடந்தது. சிவப்புப் பிழைப் பெட்டி மூன்று முறை குதித்து வந்தது. முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மதியத்துக்குள் யுகேந்திரன் ஒரு வழி செய்தான்: எந்தப் பிழை வந்தாலும் நிரல் அதை விழுங்கிவிட வேண்டும், அடுத்த வரியில் பச்சைப் பெட்டியைக் காட்ட வேண்டும். அதன்பிறகு ஒரு சிவப்புப் பெட்டியும் வரவில்லை. எல்லோருக்கும் திருப்தி.

இப்போது சுமக்கிற வேலையை வேறு இழைக்கு மாற்றி, அந்த வாய்ப்பூட்டையும் எடுத்துவிட்டான். "சரி, ஒரு எம்சி போட்டுப் பாரு," என்றான்.

போர்க்லிப்ட் ஓட்டும் சதாசிவத்தின் சீட்டு மேலே கிடந்தது. லோஷினி அதை ஸ்கேன் செய்து பொத்தானை அமுக்கினாள். திரை உறையவில்லை. சிவப்பாக ஒரு பெட்டி வந்தது.

"அலமாக்! என்னண்ணே இது, ரத்தமா வருது?"

"கொஞ்சம் இரு."

கோப்பைப் போய்ச் சேர்க்கும் பாதையில் ஒரு பகுதியைக் காணவில்லை என்று பெட்டி சொன்னது. கீழே அந்தப் பாதையையும் காட்டியது. சதாசிவத்தின் பெயர், பிறகு ஏ, பிறகு ஒரு சாய்கோடு, பிறகு எல், பிறகு அவன் அப்பா பெயர்.

யுகேந்திரனுக்குத் தோள் வலி மறந்துபோனது.

மலேசியாவில் பெரும்பாலான தமிழர் அடையாள அட்டைகளில் அந்தக் கோடு உண்டு. இன்னாருடைய மகன் என்றால் மலாயில் ஏ/எல், இன்னாருடைய மகள் என்றால் ஏ/பி. பிறப்புப் பத்திரத்தில் ஏறினால் சாவுப் பத்திரம் வரை கூடவே வரும். ஆனால் கோப்பின் பெயரில் அந்தக் கோடு வந்தால், ஒரு அறை முடிந்து அடுத்த அறை தொடங்குகிறது என்றுதான் கணினி எடுத்துக்கொள்ளும். 'சதாசிவம் ஏ' என்ற பெயரில் ஒரு அறையை அது தேடியிருக்கிறது. அப்படி அறை ஏது? தேடிவிட்டுக் கையிலிருந்த சீட்டை அங்கேயே போட்டுவிட்டது. மூன்று வருடமாக அப்படித்தான் போட்டிருக்கிறது. மூன்று வருடமாகப் பச்சைப் பெட்டி வந்திருக்கிறது.

நிரலை எழுதியபோது அலி என்று போட்டுப் பார்த்தான், ஆ செங் என்று போட்டுப் பார்த்தான். யுகேந்திரன் ஏ/எல் மனோகரன் என்று ஒரே ஒருமுறை தன் பெயரைப் போட்டுப் பார்த்திருக்கலாம்.

கோப்புகள் கிடக்கும் இடத்தைத் திறந்து தேடினான். இரண்டாயிரத்துக்கு மேல் இருந்தன. வங்காளதேசத்துக்காரர்கள், நேப்பாளிகள், மலாய்க்காரர்கள், சீனர்கள், எல்லோரும் இருந்தார்கள். ஏ/எல் ஒருவர்கூட இல்லை. ஏ/பி ஒருவர்கூட இல்லை.

"எம்சி காணலன்னு யாராச்சும் சொன்னாங்களா?" என்று கேட்டான்.

"சதாசிவண்ணன் போன வருசமே கத்துனாரு," என்றாள் லோஷினி. "எம்சி குடுத்தும் லீவ வெட்டிட்டாங்கன்னு. ஒரு நாள்தானன்னு விட்டுட்டாரு. ஏன் கேக்குறீங்க? இதுல என்ன கோளாறு?"

"ஒண்ணும் இல்ல. புது வெர்ஷன், முதல் தடவ அப்படித்தான் வரும்."

பொய் வழுக்கிக்கொண்டு வந்தது. சாய்கோட்டுக்குப் பதில் ஒரு சிறு இடைக்கோட்டைப் போடும்படி ஒரே ஒரு வரி எழுதினான். சதாசிவத்தின் சீட்டு போய் உட்கார்ந்தது. பச்சைப் பெட்டி வந்தது. இந்த முறை உண்மையாகவே.

எட்டு வாரங்களுக்கு முன் மனிதவள மேலாளர் கிரகோரி அவனுக்குப் போன் செய்திருந்தார். பழம் சீவும் வரிசையில் பதினாறு வருடமாக இருக்கும் வெள்ளையம்மா என்ற பெண் மூன்று நாள் சொல்லாமல் நின்றுவிட்டு, எம்சி கொடுத்தேன் என்று சாதிக்கிறார், கணினியில் ஒன்றும் இல்லை, கணினி தொலைக்குமா என்று கேட்டார். யுகேந்திரன் வீட்டிலிருந்தே இணையத்தின் வழி உள்ளே நுழைந்து பார்த்தான். "என் பேர்லயே போட்டுப் பாரு, நானும் தமிழன்தான," என்று கிரகோரி சிரித்தார். அவர் கத்தோலிக்கர். பிறப்புப் பத்திரத்திலேயே கிரகோரி அந்தோணி, கோடு கிடையாது. கோப்பு சேமிக்கப்பட்டது. பத்து நிமிடத்தில் யுகேந்திரன் கடிதம் எழுதி அனுப்பினான்: கணினியில் குறை ஏதும் இல்லை, பதிவான எதுவும் தொலைய வாய்ப்பில்லை. கீழே கையெழுத்து.

"அந்த வெள்ளையம்மா இப்ப எங்க இருக்காங்க?" என்றான் சாதாரணமாகக் கேட்பதுபோல.

லோஷினி பார்வையைக் கீபோர்டில் வைத்துக்கொண்டாள். "பஸ் ஸ்டாண்ட் பக்கம் சாப்பாட்டுக் கடையில மங்கு, தட்டு கழுவுறாங்க. நான் அந்தப் பக்கம் போறதில்லண்ணே. சீட்ட வாங்கினியான்னு என்னைத்தான் கேட்டாங்க. மாசத்துக்கு எழுபது எம்பது சீட்டு. ஞாபகம் இல்லன்னு சொல்லிட்டேன்."

மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனான். கடையின் பின்பக்கம் குழாயடியில் வெள்ளையம்மா குந்தியிருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். அன்னாசிச் சாறு பதினாறு வருடமாக அரித்த விரல்கள், நகத்தோரம் வெடித்து, சோப்புத் தண்ணீரில் வெள்ளையாக ஊறிக் கிடந்தன.

"அக்கா, நான் யுகேந்திரன். பேக்டரி கம்ப்யூட்டர் ப்ரோக்ராம் எழுதினவன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபம் வரும் என்று அவன் எதிர்பார்த்தான். வரவில்லை.

"நீதானா தம்பி. நீ செக் பண்ணி எழுதிக் குடுத்தன்னு கிரகோரி சார் காகிதத்தக் காட்டினாரு. இங்கிலீசுல இருந்துச்சு, எனக்கு என்ன தெரியும்." கையை உதறித் துடைத்துக்கொண்டார். "கை வீங்கி, அந்தக் கையோடதான் மாடி ஏறிப் போயி குடுத்தேன். அப்படித்தான் நெனச்சேன். பொறவு ஆஸ்பத்திரியில நகல் வாங்கிட்டுப் போனேன். சீக்கா இருந்தது சரி, ரெண்டு நாளைக்குள்ள எங்களுக்குச் சொல்லலையே, சொன்னேன்னு பொய் வேற சொல்றியேன்னாங்க. வேலைய விட்டு நிப்பாட்டிட்டாங்க."

சுவரோரம் மாட்டியிருந்த பையிலிருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்து நீட்டினார். ஒவ்வொரு வரியிலும் கோணல்மாணலாக எழுதியிருந்தது. அடுப்பை அணைச்சேன், ஆறு பத்து. கதவைப் பூட்டினேன். மாத்திரை போட்டேன். கடைச் சாவியைக் கடைக்கார ஆண்ட்டிகிட்ட குடுத்தேன்.

"மக தேன்மொழி வாங்கிக் குடுத்தா. கம்ப்யூட்டர் பொய் சொல்லாதும்மா, ஒனக்குத்தான் மறதி வந்துருச்சுன்னு சொல்றா. எங்க அம்மாவும் கடைசியில அப்படித்தான் போனாங்க, பேரு கூட தெரியாம. அதான் இப்ப எல்லாத்தையும் எழுதி வைக்கிறேன்." குரல் தாழ்ந்தது. "நீ படிச்சவன், சொல்லு தம்பி. நான் அந்தச் சீட்டக் குடுத்தனா, குடுக்கலையா?"

நோட்டு அவன் கையில் கனத்தது.

"குடுத்தீங்க அக்கா."

"எப்படித் தெரியும்?"

"என் ப்ரோக்ராம்ல தப்பு. ஏ பி இருக்கிற பேரு எதையும் அது சேமிக்கல. ஆனா சேமிச்சேன்னு சொல்லிடுச்சு. இன்னைக்குத்தான் பார்த்தேன். ஒங்களுக்கு மறதி இல்ல."

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. வெள்ளையம்மா அதை அடைத்தார்.

"கிரகோரி சாருகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல. இனிமேதான்."

"பின்ன இங்க எதுக்கு வந்த? எங்கிட்ட சொல்லிட்டா ஒனக்குச் சோறு எறங்கும்னா?" சத்தம் போடவில்லை, கேட்டார், அவ்வளவுதான். "லேபர் ஆபீசுல மனுப் போட அறுபது நாளு குடுப்பாங்களாம். ஐம்பத்தி மூணு போயிடுச்சு. ஆதாரம் இல்லாம ஏன் அலையுறீங்கன்னு யூனியன்காரரு சொன்னதால சும்மா கெடக்கேன். அன்னிக்கு எனக்கு எதிரா எழுதித்தான குடுத்த? இப்பவும் எழுதிக் குடு. வாயால சொன்னா காத்தோட போயிடும்."

"எழுதித் தரேன் அக்கா."

"தரேன்னு சொல்லாத. தா."

அவர் நோட்டை வாங்கிக்கொண்டு பென்சிலால் ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று அவன் எட்டிப் பார்க்கவில்லை.

மாடிக்குத் திரும்பியபோது கிரகோரி வாசலிலேயே நின்றார்.

"எங்க மேன் போன? ஸ்கிரீன் ஓகேவா?"

"ஓகே சார்."

"நல்லது. பாஸ் கேட்டாரு, குளுவாங் பேக்டரிக்கும் இதையே போடலாமான்னு. முடியும்ல?"

"முடியும் சார்." அந்தப் பதில் அவன் யோசிப்பதற்குள் வெளியே வந்துவிட்டது. "சார், அந்த வெள்ளையம்மா விஷயம்..."

"அதெல்லாம் முடிஞ்சு போச்சு லா. உன் லெட்டர்தான் கை குடுத்துச்சு. ஒரு கேள்வி வரல. நல்லா எழுதியிருந்த." தோளில் தட்டினார். வலிக்கிற அதே தோள்.

யுகேந்திரன் வேலைச் சீட்டை நிரப்பினான். திரை உறைவது சரிசெய்யப்பட்டது. கையெழுத்துப் போட்டான். மூன்று மாதப் பிள்ளையோடு மனைவி வீட்டில் இருக்கிறாள், குளுவாங் வேலை வந்தால் இந்த வருடச் செலவு தாண்டும் என்று காரில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். எதுவும் பொய்யில்லை. வெள்ளையம்மாவுக்கு அதில் ஒன்றும் கிடையாது என்பதும் பொய்யில்லை.

மறுநாள் புதிய பதிப்பை அனுப்பினான். கூடவே போகும் குறிப்பில் எழுதினான்: சேமிக்கும் வேகம் கூட்டப்பட்டது, சிறு திருத்தங்கள். பிழையை விழுங்கும் வரியை நிரலிலிருந்து எடுத்துவிட்டு, அதையே இந்தக் குறிப்பில் எழுதிவைத்திருக்கிறான் என்று அனுப்பியபிறகுதான் உறைத்தது.

அதற்கடுத்த நாள் காலையில் புதிதாக ஒரு கடிதத்தைத் திறந்தான். தேதி போட்டான். கிரகோரியின் பெயரைப் போட்டான். "கணினியில் ஒரு குறை காணப்பட்டது" என்று எழுதினான். யார் வைத்த குறை என்பது அதில் இல்லை. அழித்தான். குளுவாங்கிலிருந்து போன் வந்தது. எடுத்துப் பேசினான்.

அறுபதில் இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. வெள்ளையம்மா சீட்டைக் கொடுத்தார், தொலைத்தது நான் எழுதிய நிரல் என்று கையெழுத்துப் போட்ட ஒரு கடிதம். அவருக்கு அவன் வைத்திருக்கும் பாக்கி அது. இன்னும் கொடுக்கவில்லை.