பெருக்கல் குறி போட்ட இடம்

இருபத்திரண்டு வருடமாக மரம் வளையாமல் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு. ஒரு கதவு வளைந்தால் வாடிக்கையாளர் என் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வார். அப்படிப்பட்டவனிடம் என் மனைவி வந்து, பலகை ஒன்றை வளைகிற மாதிரி செய்து கொடுங்கள் என்றாள். வளைந்தால் மட்டும் போதாதாம், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அழகாக வளைய வேண்டுமாம். என்ன கூத்துடா இது என்று அன்றைக்கே எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

அவள் பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேஜையில் இருக்கிறாள். மூன்று வருடமாக ஞாயிறு காலையில் மைதானத்துக்குப் போய் அம்பு விட்டுப் பழகுகிறாள். அவள் கேட்ட அன்றிலிருந்து மூன்றாவது ஞாயிறு அங்கே மரவில் போட்டி. முதல் நான்கு பேருக்கு வெளியூர் போகும் அணியில் இடம். கடையில் வாங்கிய வில் செல்லாது. போட்டியாளரோ அவர் வீட்டாரோ ஒற்றைப் பலகையிலிருந்து கையால் செய்ததாக இருக்க வேண்டும். வயது நாற்பதைத் தாண்டக் கூடாது. அவளுக்கு அடுத்த மாதம் நாற்பது முடிகிறது. இதை விட்டால் அவளுக்கு வேறு போட்டி கிடையாது.

முதல் பலகையை நான்தான் பொறுக்கினேன். வைரம் பாய்ந்த மரம், ரேகை அலை அலையாக ஓடும். அதில் மேஜை செய்தால் வருகிறவர்கள் தடவித் தடவிப் பார்ப்பார்கள். வில்லுக்கு அது ஆகாது என்று எவன் கண்டான்? ரேகை நுனியிலிருந்து நுனிவரை நேராக ஓட வேண்டுமாம். வில்லாகச் சீவி நாண் பூட்டி, வளைவு பார்க்கச் சுவர் ஆணியில் மாட்டி, நாணில் கயிறு கட்டிக் கீழே இழுத்தோம். அலை திரும்புகிற இடத்தில் படாரென்று பிளந்துகொண்டது.

இரண்டாவது பலகையில் ரேகை நேராக இருந்தது, என் கைதான் நேராக இல்லை. இழைப்புளியை எடுத்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. கதவில் கொஞ்சம் கூடுதலாகப் போனால் ஒரு பட்டை வைத்து ஒட்டிச் சமாளிக்கலாம். வில்லில் போனது போனதுதான். கடைசியில் அது குழந்தைகூட இழுக்கிற மாதிரி தொளதொளவென்று ஆகிவிட்டது.

"என்ன மேஸ்திரி, விறகுக்கடை வைக்கப் போறீங்களா?" என்று பட்டறையில் பாலிஷ் போடுகிறவர் கேட்டார். அவர் வாய்க்குப் பூட்டு கிடையாது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

மூன்றாவது பலகையை அவளே கையில் எடுத்துக்கொண்டாள். இரண்டு நாள் விடுப்பு போட்டுப் பட்டறைக்கு வந்து உட்கார்ந்தாள். வில்லுக்கு முதுகு உண்டு, வயிறு உண்டு; எய்கிறவரைப் பார்த்திருக்கிற பக்கம்தான் வயிறு. முதுகைத் தொடக் கூடாது, வயிற்றில்தான் சீவ வேண்டும். வாய் மட்டும் அதற்கு இல்லை, இருந்திருந்தால் அதுவும் என்னைத் திட்டியிருக்கும். அவள் பத்துத் தடவை சீவுவாள், முப்பது தடவை இழுப்பாள், தள்ளி நின்று பார்ப்பாள், மறுபடியும் பத்து. பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பொறுக்கவில்லை.

"இந்நேரத்துக்கு நான் ஒரு கதவே முடிச்சிருப்பேன்" என்றேன்.

"கதவுக்கு என்னங்க, மாட்டினா மாட்டினபடி கிடக்கும்" என்றாள்.

போட்டிக்கு முந்தின நாள், சனிக்கிழமை காலையில் மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். கூட வேலை செய்கிற பெண்ணுக்குக் காய்ச்சலாம். போகும்போது அவள் வில்லை என் கையில் கொடுத்தாள்.

"மேல் பாதியும் கீழ் பாதியும் இன்னும் சமமா வளையல. குறி போட்டு வச்சிருக்கேன். பாத்து, கொஞ்சம் கொஞ்சமா எடுங்க. ரெண்டு மணிக்கு வந்துடறேன்."

"எனக்கேவா? போய்ட்டு வா" என்றேன்.

வயிற்றுப் பக்கத்தில் பென்சிலால் மூன்று பெருக்கல் குறிகள் இருந்தன, மேல் பாதியில் இரண்டு, கீழே ஒன்று. எங்கள் தொழிலில் பெருக்கல் குறிக்கு ஒரே அர்த்தம்தான்: இது கழிவு, எடுத்துவிடு. கோடு போட்டால், எந்தப் பக்கத்தை எடுக்க வேண்டுமோ அந்தப் பக்கம் ஒரு பெருக்கல் போடுவோம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே கற்றுக்கொண்டது அது. நானும் அந்த மூன்று இடத்திலும் அவள் சொன்ன மாதிரியே பதமாக எடுத்தேன். பென்சில் தடம் தெரியாமல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். மூன்று வாரத்தில் முதல் தடவையாக அந்தச் சனியன் என் சொல்லைக் கேட்டது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். நான் இழுத்துப் பார்க்கவில்லை, முதல் இழுப்பு அவளுடையதாக இருக்கட்டும் என்று சுவரில் மாட்டி வைத்தேன்.

இரண்டு மணிக்கு வந்தவள் தோள் பையைக்கூடக் கழற்றாமல் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். மேல் பாதி முட்டி மடக்குகிற மாதிரி ஒரே இடத்தில் மடங்கியது.

"ஐயோ, இங்க என்ன பண்ணீங்க?"

"நீ குறி போட்ட இடத்துலதான் எடுத்தேன்."

"குறி போட்ட இடத்துலயா?"

கயிற்றை விட்டாள், ஆனால் அதற்குள் முறிந்துவிட்டது. மேல் பாதி ஆணியில் இடித்துக் கீழே விழுந்தது.

"அதெல்லாம் ஏற்கெனவே அதிகமா வளையற இடம். தொடாதீங்கன்னுதான் பெருக்கல் போட்டேன். மைதானத்துல எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க."

"பெருக்கல் போட்டா எடுன்னு அர்த்தம்! எந்தப் பட்டறையில வேணும்னாலும் போய்க் கேளு! அண்ணே, நீங்களே சொல்லுங்க!"

பாலிஷ்காரர் என்னைப் பார்த்தார், தரையில் கிடந்ததைப் பார்த்தார், பிரஷ் கழுவ வெளியே போய்விட்டார். நேரம் பார்த்து அவர் வாய்க்கும் பூட்டு விழுந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன, குறியும் மண்ணாங்கட்டியும் எதற்கு என்று கத்தினேன். அவள் நான் முடிக்கும்வரை நின்றாள்.

"ஆமாங்க, சொல்லாதது என் தப்புதான்" என்றாள். "ஆனா மூணு வருஷத்துல ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை நீங்க அங்க வந்திருந்தா, நான் சொல்லவே வேண்டியிருந்திருக்காது."

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் கூப்பிடுவாள். வேலை இருக்கிறது என்பேன், அசதி என்பேன். ஒரு கட்டத்தில் அவள் கூப்பிடுவதை விட்டுவிட்டாள், அது எப்போது என்றுகூட எனக்கு நினைவில்லை.

பட்டறையில் இருந்த பலகைகளையெல்லாம் புரட்டினேன். நேர் ரேகை உள்ளது ஒன்று அகப்படவில்லை. அகப்பட்டிருந்தாலும் மூன்று நாள் வேலையை ஒரு சாயங்காலத்தில் யார் முடிப்பது? அவள் முறிந்த துண்டுகளைப் பொறுக்கிச் சுவர் ஓரமாகச் சாய்த்து வைத்தாள்.

"நாளைக்கு நானும் மைதானத்துக்கு வர்றேன்" என்றேன்.

"எதுக்குங்க?" என்றாள்.

கோபத்தில் கேட்டிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அவள் உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டாள்.