பானெட்டில் வைத்த கை

ஆந்திர மலையூரான அனந்தகிரியின் ஜீப் ஸ்டாண்டில் டயரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் டீ ஆறிப்போகும், பேச்சு ஓயாது. வஜ்ரம் டயர் போட்டவனுக்குக் கஜகேசரி போட்டவனைக் கண்டாலே ஆகாது.

"உன் வஜ்ரம் போடுற சத்தத்துல ஏறுறவன் எல்லாம் செவிடாயிட்டான் பாவா."

"சத்தம் போட்டாலும் மழையில பிடிக்குதுல்ல? உன் கஜகேசரி ஆறே மாசத்துல மொட்டத் தலை!"

இதெல்லாம் பாவா, அதாவது மச்சான், என்று கூப்பிட்டுக்கொண்டே அடிக்கிற வெறும் வாய்ச்சவடால். யாரும் மனசில் வைத்துக்கொள்வதில்லை. ஆனால் புது டயர் வாங்கப் போகிறவன் ஒருவன் வந்து, "எதை வாங்கட்டும்?" என்று முறையாகக் கேட்டுவிட்டால் விஷயமே வேறு. கேட்கப்பட்டவன் தன் சொந்த ஜீப்பின் சூடான பானெட்டில் உள்ளங்கையை வைத்துப் பதில் சொல்ல வேண்டும். அந்தச் சொல்லை நம்பித்தான் இன்னொருவன் பத்து உயிர்களோடு மலை இறங்குவான். அப்படிக் கை வைத்துப் பொய் சொன்னவன் இங்கே கிடையாது. கேட்காமல் வலியப் போய்க் கை வைப்பவனும் கிடையாது.

பைடிராஜுவை ஒரு வருடமாக யாரும் கேட்கவில்லை.

போன மழைக்காலத்தில் அவன் ஜீப்பின் முன்டயர் ஒரு வளைவில் பக்கவாட்டில் கிழிந்தது. வெல்ராக் டயர், வாங்கி நாலே மாதம். வண்டி மலைப்பக்கமாக மோதி நின்றதால் உயிர்கள் தப்பின. இஞ்சி வியாபாரி சிலகம்மாவுக்கு மட்டும் மணிக்கட்டு உடைந்தது. ஜீப் பட்டறையில் கிடந்தபோதே, அவன் கொடுத்த புகாருக்குப் பதிலாகக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்துவிட்டது. அளவுக்கு மீறிய பாரம், ஓட்டுநரின் தவறு. ஸ்டாண்டில் அதை உரக்கப் படித்தார்கள். அச்சடித்த காகிதத்துக்கு இருக்கிற மரியாதை மனிதன் வாய்க்கு ஏது? அன்றிலிருந்து அவன் பெயர் ஓவர்லோடு. குழந்தையோடு வருகிறவர்கள் அவன் வண்டியைத் தாண்டிப் போய் வேறு வண்டியில் ஏறினார்கள்.

தசராவுக்கு நாலு நாள் இருக்கும்போது அதே வெல்ராக் கம்பெனி ஸ்டாண்டுக்கு வந்து இறங்கியது. பேனர், பிரியாணி, மஞ்சள் டிஷர்ட், ஒரு கேமரா. எங்கள் டயர் நல்ல டயர் என்று கேமரா முன் சொல்கிற டிரைவருக்கு இரண்டு டயர் இலவசமாம். ஹைதராபாத்திலிருந்து வந்த பிரணீத் என்ற இளைஞனுக்கு அந்தக் கடிதத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. கடிதம் எழுதிய கை வேறு, பிரியாணி கொண்டுவந்த கை வேறு.

"ரெண்டு வார்த்தைக்கு ரெண்டு டயரு பாவா," என்றான் இன்னொரு ஜீப் டிரைவரான தேமுடு. அவன் டிஷர்ட்டை ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருந்தான். "உன் பின்டயரு ரெண்டும் இன்னும் ஒரு மாசம் தாங்குமா? சொல்லிட்டு வாங்கிக்கோ. உன் வாயில இருந்து முத்தா உதிரப்போகுது?"

பைடிராஜு வரிசையில் போய் நின்றான். டயர் அவனுக்கு வேண்டும்தான், பொய் சொல்வானேன்.

அதற்குள் டீக்கடையில் யாரோ பானெட் சங்கதியைப் பிரணீத்தின் காதில் போட்டுவிட்டார்கள். அவன் துள்ளிக் குதித்தான். "சூப்பர்! அப்படியே எடுக்கலாம். அண்ணா, உங்க வண்டி இப்பத்தானே கீழ எஸ்.கோட்டா ஊர்ல இருந்து மலை ஏறி வந்துச்சு? கையை வைங்க. நான் டயர் வாங்க வந்தவன் மாதிரி கேக்கறேன்." கேமரா ஓடியது. "அண்ணா, எதை வாங்கட்டும்?"

டீக்கடையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள்கூட நிமிர்ந்து பார்த்தாள்.

பைடிராஜு கையை வைத்தான். நன்றாகச் சுட்டது.

"வெல்ராக் வாங்காதீங்க," என்றான். "கஜகேசரி சீக்கிரம் தேயும். ஆனா தேயுறது கண்ணுக்குத் தெரியும், மாத்திக்கலாம். வஜ்ரம் கல்லுல அடி வாங்குனா வீங்கிக் காட்டும். உங்க டயரு ஒண்ணுமே சொல்லாது. காலையில நான் தட்டிப் பாத்த டயரு மத்தியானம் கிழிஞ்சிருச்சு."

"கட், கட்! அண்ணா, இது வேணாம்."

"நான் கையை இன்னும் எடுக்கல சார். கேட்டது நீங்க. கேட்டா முழுசாக் கேக்கணும். அன்னிக்கு வண்டியில நாலு பேரு, ஆறு மூட்டை. பாதி பாரம்கூட இல்ல. எடை போடாமலே உங்க கம்பெனி ஓவர்லோடுன்னு எழுதிச்சு. எடை போட்டவன் எவன்? அவனை இந்த வளைவுக்கு வரச் சொல்லுங்க."

"ஆறு மூட்டைதான்," என்றது ஒரு குரல். சிலகம்மா. அவள் முகம் சுருங்கிக் கிடந்தது. "ஆறும் என்னோடது. காகிதத்துல பெருசா எழுதியிருக்கவும், நான் எண்ணினதுதான் தப்போன்னு இருந்துட்டேன் ராஜு. வாய மூடிக்கிட்டேன் பாவி."

பிரணீத்துக்கு வியர்த்தது. "அண்ணா, இப்படிப் பேசினா டயர் கிடைக்காது. புரியுதா?"

"டயர நீங்களே எடுத்துட்டுப் போங்க. உங்க வண்டியில போட்டு மலை இறங்கிப் பாருங்க."

பிரணீத் அவசரமாகத் திரும்பினான். தேமுடுவின் மஞ்சள் டிஷர்ட் கண்ணில் பட்டது. "நீங்க வாங்க அண்ணா. உங்க வண்டியில கையை வச்சு, வெல்ராக் நல்ல டயர்னு ஒரே வரி சொல்லுங்க. போதும்."

தேமுடு பல்லைக் காட்டிக்கொண்டு வந்தான். தன் ஜீப்பின் பானெட்டில் கையை வைத்தான். வாயைத் திறந்தான், மூடினான். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி திறந்தான். அவனுடைய பழைய முன்டயரும் வெல்ராக்தான். போன வைகாசியில் அதைச் சத்தமில்லாமல் கழற்றிப் போட்டது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

"சார்," என்றான் தேமுடு பரிதாபமாக. "கையை எடுத்துட்டுச் சொல்லட்டுமா?"

ஸ்டாண்டே விசில் அடித்தது. பிரணீத் கேமராவை மூடிப் பைக்குள் வைத்தான்.

பைடிராஜு அப்போதுதான் கையை எடுத்தான். யாராவது தன்னைத் தாண்டிப் போகிறார்களா என்று பார்க்காமல், "அரக்கு! அரக்கு!" என்று அடுத்துப் போகிற ஊரின் பெயரைச் சொல்லி ஸ்டாண்டே அதிரக் குரல் கொடுத்தான். முதலில் ஏறியவள் சிலகம்மா. அவள் பின்னால் மற்றவர்கள் ஏறினார்கள்.