சுண்ணாம்புச் சுவரில் ஏறிய வெளிச்சம்

டீக்கன் பொக்கோயினா பைக்கோடு சேம்பு வயலில் இறங்கியது புதன்கிழமை அந்தியில். மறுநாள் காலை ரொட்டி வாங்கப் போன எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. அடி ஒன்றும் இல்லை. இடுப்புவரை சேறு, அவ்வளவுதான். ஆனால் அவர் கடை வாசலில் நின்று சொன்ன சொல் சேற்றைவிட நன்றாக ஒட்டிக்கொண்டது.

"எதிர்ல பெரியவன் ஒருத்தன் வர்றான்னு தெரியுது. வெளிச்சத்தை இறக்கலை. நேரா என் கண்ணுல அடிச்சிட்டுப் போறாங்க. தேரேமோனா வீட்டுக்குத் தலை அவ்வளவு ஒசந்துபோச்சு."

பசிபிக் கடலில் இருக்கும் அத்தியூத் தீவில் சேம்பு வயல் சாலைக்கு விளக்குக் கம்பம் கிடையாது. எதிரே வருபவருக்கு டிம் போடுவது வணக்கம் சொல்வது மாதிரி. போடாதவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர். அப்படித்தான் ஊர் கணக்கு வைத்திருந்தது.

பேச்சு அதோடு நிற்கவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை மற்ற ஊர்க்காரர்கள் எல்லாம் பாட்டுக் கூட்டத்துக்கு வருகிறார்கள். பாட்டின் முதல் குரல் எப்போதும் தேரேமோனாவுடையது. அவள் எடுத்துக் கொடுத்தால்தான் மற்ற பெண்கள் சேர்வார்கள், பிறகு ஆண்கள் அடிக்குரலில் இறங்குவார்கள். பாடகர் குழுவுக்குப் பொறுப்பு பொக்கோயினா. "பெரியவங்க முன்னாடி வெளிச்சத்தை இறக்கத் தெரியாதவ சபை முன்னாடி நிக்க வேண்டாம்" என்று அவர் சொல்லி அனுப்பிவிட்டார்.

தேரேமோனா பின்னால் உட்கார்ந்து வந்தவள்தான். பைக் ஓட்டியது அவள் மகள் அகாய்த்தி. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு ஊர் பைக்குகளை எல்லாம் பிரித்துப் பூட்டுகிறவள். அன்று டிம் போட்டுத்தான் வந்தாள். விரல் பொத்தானைத் தள்ளியதுகூட அவளுக்கு நினைவிருந்தது.

"நீ போட்டேன்னு சொன்னா போட்டதுதான்" என்றாள் தேரேமோனா. அதோடு விட்டிருக்கலாம். நேரே கடைக்குப் போய், மாவு நிறுத்துக்கொண்டிருந்தவர்கள் முன்னால் சொன்னாள்: "அது என் மக வச்ச விளக்கு. அவ கோடு தப்பாது. சனிக்கிழமை எல்லாரும் சுவருக்கு வாங்க, பாத்துக்கலாம்."

சுவர் என்றால் சபைக் கூடத்தின் தெற்குச் சுவர். பவளக்கல்லைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பு அடித்தது. அதன் முன்னால்தான் ஊரிலேயே மேடு பள்ளம் இல்லாத சிமெண்ட் தரை இருக்கிறது. ஹெட்லைட் சரிபார்க்க எல்லோரும் அங்கேதான் வருவார்கள். விளக்கின் நடு உயரத்துக்குக் கரியால் ஒரு கோடு, அதற்குச் சற்றுக் கீழே இன்னொன்று. டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு கீழ்க்கோட்டில் படுத்திருக்க வேண்டும். இத்தனை நாளில் அகாய்த்தி கோடு போட்டு யாரும் குறை சொன்னதில்லை.

சனிக்கிழமை வெயில் இறங்கியதும் பாட்டுப் பயிற்சிக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் சுவர் முன்னால் கூடிவிட்டார்கள். அகாய்த்தி டயரில் காற்று பார்த்தாள். வண்டியைக் குறி வைத்த இடத்தில் நிறுத்தி, ஏறி உட்கார்ந்து, டிம் போட்டாள். வெளிச்சம் கீழ்க்கோட்டில் பாய் விரித்ததுபோல் படிந்தது.

"பாத்தாச்சா?" என்றாள் தேரேமோனா.

பொக்கோயினா சுவரைப் பார்த்தார், சேற்றுக் கறை போகாத தன் கால்சட்டையைப் பார்த்தார். "அப்ப நான் என்ன, ஆசைப்பட்டா சேத்துல குளிச்சேன்?"

சிரிப்பு எழுந்தது. அகாய்த்தி சிரிக்கவில்லை. பொக்கோயினா மாமா கோபக்காரர், பொய்க்காரர் இல்லை. கண்ணில் அடித்தது என்றால் அடித்திருக்கிறது. அவள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். வெந்த சேம்பு நிறைந்த அண்டாவை இடுப்பில் ஏந்தி, தலையில் பூவளையத்தோடு, கூடத்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றிருந்தாள் அம்மா. புதன்கிழமையும் இப்படியேதான் பின்னால் உட்கார்ந்து வந்தாள். இதே அண்டாவோடு.

அகாய்த்தி தன் பின்சீட்டைப் பார்த்தாள். இந்தத் தீவில் யார் தனியாக பைக்கில் போகிறார்கள்? அவள் வண்டியின் பின்சீட்டு காலியாக இருந்த நாளே இல்லை. ஆனால் கோடு வைப்பது அந்தியில். அந்த நேரம் அம்மா அடுப்படியில் இருப்பாள். அதனால் எப்போதும் தனியாக உட்கார்ந்தே வைத்திருக்கிறாள்.

சொல்லாமல் இருந்தால் அம்மா ஜெயித்துவிட்டாள், நாளைக்கு முதல் குரலும் அவளுடையது. சொன்னால் கடையில் அம்மா சொன்ன சொல் போய்விடும். அகாய்த்தி ஸ்பேனரைக் கையில் எடுத்தாள், கீழே வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

"அம்மா, அண்டாவோட வந்து பின்னாடி ஏறு."

"இத்தனை பேர் முன்னாடியா?"

"ஏறும்மா."

கூட்டத்திலிருந்து ரோவுரு குரல் கொடுத்தாள். அவளும் பாடகர் குழுதான், அம்மாவுக்குப் பால்ய சிநேகிதி. "அகாய்த்தி, ஸ்பிரிங் தாங்குமாடி?"

"தாங்கலேன்னா வேற ஸ்பிரிங் வாங்கிக்கலாம்" என்றபடி தேரேமோனா காலைத் தூக்கிப் போட்டாள். "வேற தேரேமோனா எங்க வாங்குவே?"

வண்டியின் பின்பக்கம் பெருமூச்சு விட்டு அமுங்கியது. முன்பக்கம் நிமிர்ந்தது. சுவரில் வெளிச்சம் கீழ்க்கோட்டைத் தாண்டியது, மேல்கோட்டைத் தாண்டியது, ஜன்னல் சட்டத்தைப் பிடித்து ஏறிக் கூரை ஓரத்தில் போய் நின்றது.

எல்லாத் தலைகளும் கூரையைப் பார்த்து நிமிர்ந்தன.

"மாமா, நீங்க சொன்னது நிஜம்" என்றாள் அகாய்த்தி. "நான் டிம்லதான் வந்தேன். ஆனா அந்த டிம்மே உங்க கண்ணுக்கு நேரா வந்திருக்கு. அம்மா மேல தப்பு இல்ல. என் கோடுதான் தப்பு. தனியா உக்காந்து வச்சுட்டேன்."

அவள் அம்மாவின் முகத்தைப் பார்க்கப் பயந்தாள். பின்னாலிருந்து குரல்தான் வந்தது.

"கேட்டீங்களா எல்லாரும்? தப்பைக் கண்டுபிடிச்சதும் என் மகதான்." அண்டாவைத் தொடைமேல் நகர்த்தி வைத்தாள். "வேற யாருக்காவது தெரிஞ்சுதா?"

பொக்கோயினா தாடையைச் சொறிந்தார். "சரி, இறக்கு பாப்போம். இறங்குதான்னு நானும் பாக்குறேன்."

ரோவுருவுக்கும் அகாய்த்திக்கும் ஏறக்குறைய ஒரே எடை. ரோவுருவை முன்னால் உட்கார வைத்துவிட்டு அகாய்த்தி விளக்கின் இருபக்கத்து போல்ட்டுகளையும் தளர்த்தினாள். தேரேமோனா ஒரு இடத்தில் இருந்தால்தானே. யாரோ வந்தார்கள், திரும்பினாள். கொசு கடித்தது, தட்டினாள். ஒவ்வொரு தடவையும் வெளிச்சம் சுவரில் குதித்தது.

"அசையாதேம்மா."

"மூச்சாவது விடலாமா?"

"உங்க அம்மா பாடுறப்போ மட்டும்தான் அசைய மாட்டா" என்றாள் ரோவுரு. "பாட விடு."

தேரேமோனா கண்ணை மூடினாள். ஞாயிற்றுக்கிழமைப் பாட்டின் முதல் வரியை எடுத்தாள். முதுகு நேராயிற்று, அண்டாகூட அசையவில்லை. அவள் வரியை முடித்து நிறுத்தியபோது ரோவுரு பதிலுக்குப் பாடிவிட்டாள். பழக்கம். வாசலில் நின்ற பெண்களாலும் சும்மா இருக்க முடியவில்லை. குரல்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறின. ஆண்கள் இறங்க வேண்டிய இடம் வந்தது. எல்லோரும் பொக்கோயினாவைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்தார். பிறகு வயிற்றுக்குள்ளிருந்து அந்த அடிக்குரல், ஹும், என்று புறப்பட்டது. மற்ற ஆண்களும் பின்னாலேயே வந்தார்கள்.

அகாய்த்தி விளக்கை மயிரிழை மயிரிழையாகக் குனிய வைத்தாள். வெளிச்சம் கூரையை விட்டது, ஜன்னலை விட்டது, கீழ்க்கோட்டில் வந்து படுத்தது. போல்ட்டுகளை இறுக்கினாள். வேலை முடிந்தது என்று அவள் சொல்லவில்லை. சொன்னால் பாட்டு நின்றுவிடும்.

பாட்டு தானாகவே முடிந்த பிறகு பொக்கோயினா தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து அடுத்த இடத்தில் நிறுத்தினார். மனைவியைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"நீயும் ஏறு, பாப்போம்" என்றார். பிறகு திரும்பாமலே, "தேரேமோனா, நாளைக்கு இதே சுருதியில எடு. இன்னும் ஏத்தினா எனக்கு மூச்சு பத்தாது."

"சரிண்ணே" என்றாள் தேரேமோனா, இன்னும் வண்டியை விட்டு இறங்காமல். அதற்குள் அவர் பின்னால் மூன்று பைக்குகள் ஆளும் மூட்டையுமாக வரிசையில் நின்றுவிட்டன. அகாய்த்தி பழைய கோடுகளை உள்ளங்கையால் அழித்துவிட்டு, அவர் விளக்கின் உயரத்துக்குப் புதிதாகப் போடக் கரியை எடுத்தாள்.