பெட்டிக்காரரும் பேச்சுக்காரரும்

எதிர்வீட்டு இன்டர்நெட் துண்டிக்கப்பட்டதால்தான் அந்த மீட்டிங் என் சாப்பாட்டு மேஜையில் நடந்தது. நானாகப் போய் எட்டிப் பார்க்கவில்லை. எட்டிப் பார்த்ததெல்லாம் அதற்கு முந்தைய இரண்டு வருடங்களில்.

எதிர்வீட்டில் மூன்று பேர்: அண்ணன், தங்கை, தங்கையின் கணவர். லிஃப்ட் பழுதாகி நிற்பதற்கு முன்பே மெக்கானிக்குத் தகவல் அனுப்பும் சின்னப் பெட்டி ஒன்றை விற்கிறோம் என்று, ஆண்கள் இருவரும் நல்ல வேலையை உதறிவிட்டுக் கம்பெனி தொடங்கினார்கள். ஆளுக்குச் சரிபாதிப் பங்கு. பெட்டியைச் செய்பவர் அண்ணன், அதைப் பற்றிப் பேசுபவர் மாப்பிள்ளை. பெட்டிக்காரர், பேச்சுக்காரர் என்று நான் வைத்த பெயர் மாடி முழுக்கப் பரவிவிட்டது. சோறு போடுவது என்னவோ பல் டாக்டரிடம் வேலை பார்க்கும் தங்கைதான்.

பதினோரு முதலீட்டாளர்கள் கைவிரித்தாயிற்று. பன்னிரண்டாவது, ஓர் அம்மாள். அவரும் மறுத்தால் மாதக் கடைசியில் கடையை மூட வேண்டியதுதான். அம்மாளுக்குப் பெட்டி பிடித்துவிட்டது. ஒரே ஒரு கேள்வியை மட்டும் மெயிலில் கேட்டிருந்தார்: உங்கள் இருவரில் கடைசி முடிவு யாருடையது?

"மச்சான், நீங்க எதுவும் பேசாதீங்க. நான் பாத்துக்கறேன்" என்றார் பேச்சுக்காரர்.

"நீங்க மூச்சு விட்டாத்தானே மாப்ளே நான் பேச?"

"அண்ணா, முதல்ல சட்டைப் பொத்தானைச் சரியாப் போடு" என்றாள் தங்கை.

லேப்டாப் திரையில் அம்மாள் வந்தார். "என் கேள்விக்கு ரெண்டு பதில் வந்திருக்கு" என்றார்.

இருவர் முகத்திலும் ஈயாடவில்லை. கம்பெனிக்கு ஒரே மெயில், ஒரே பாஸ்வேர்டு. முந்தின நாள் காலையில் மச்சான் அதிலிருந்து ரகசியமாக எழுதியிருக்கிறார்: மாப்பிள்ளைக்கு வாய் மட்டும்தான் வேலை செய்யும், அவரை விலக்கினால் நான் தனியாக நடத்துவேன். மாலையில் மாப்பிள்ளையும் ரகசியமாக: மச்சானுக்கு மனிதர்களோடு பழகத் தெரியாது, அவரை விலக்குங்கள். எழுதிய அவசரத்தில் மாப்பிள்ளை மச்சானுடையதைக் கவனிக்கவில்லை. எழுதிய பயத்தில் மச்சான் மெயில் பக்கமே திரும்பவில்லை.

அம்மாள் இரண்டையும் நிதானமாகப் படித்துக் காட்டினார். தங்கை என் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களைப் பத்தி உங்களைவிட யாருக்கு நல்லாத் தெரியும்? அதனால ரெண்டு பேர் சொன்னதையும் நான் நம்பறேன். மன்னிக்கணும், இதுல என்னால பணம் போட முடியாது."

திரை இருண்டது.

"பழகத் தெரியாதவனா நான்?"

"எனக்கு வாய் மட்டும்தானா?"

"சண்டையை அப்புறம் வெச்சுக்கங்க, அவங்களைத் திரும்பக் கூப்பிடுங்க!" தங்கை போனை மேஜைமேல் தள்ளினாள்.

"நீங்க பேசுங்க மச்சான். தனியா நடத்தறவர் நீங்கதானே?"

"ஏன், பழகத் தெரிஞ்சவர் பேசட்டுமே."

போன் மேஜையில் இங்கும் அங்கும் போய்வந்தது. மெல்ல மெல்லக் குத்தல் போய்க் கெஞ்சல் வந்தது.

"மாப்ளே, நீங்களே தலைவரா இருங்க. பேசுங்க."

"வேணாம் மச்சான், நீங்களே இருங்க. எனக்கு நாக்கு எழலை."

பேச்சுக்காரருக்கு நாக்கு எழாமல் போனதை நான் அன்றுதான் பார்த்தேன். சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை.

தங்கை போனைப் பிடுங்கினாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. செய்தியைப் பதிவு செய்யச் சொல்லி ஒரு குரல் கேட்டது.

"மேடம், நான் அவருக்குத் தங்கச்சி, இவருக்குப் பொண்டாட்டி. ரெண்டு பேரும் பொய் எழுதியிருக்காங்க. ஒருத்தர் இல்லாம இன்னொருத்தர் ஒரு நாள் தாங்க மாட்டாங்க. கூட இருந்து பாக்கறவ நான் சொல்றேன். தயவுசெஞ்சு..." போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள்.

மெயிலில் பதில் வந்தாலும் வரும் என்று மூவரும் என் மேஜையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. ஆறு மணிக்கு என் சீரியல். டிவி மேஜைக்கு நேரெதிரே. போட மனம் வராமல் நானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அந்த லேப்டாப்பையே பார்த்தபடி உட்கார்ந்துவிட்டேன்.